புத்தரும் பூத்தட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பௌத்தம் எனக்குப் புத்தகங்கள் வழியாகத்தான் அறிமுகம். பிறகு பத்து நாள் விபாசனா தியான முகாம் ஒன்றிலும் அமர்ந்தேன். நான்கு உன்னத உண்மைகள், எண்வழிப் பாதை, அநித்தியம் (எதுவும் நிலையில்லை), அநாத்மம் (நிலையான ‘நான்’ இல்லை) என்று கடவுளோ சடங்கோ தேவைப்படாத அந்தத் தெளிவுதான் என்னை இழுத்தது. சமீபத்தில் இலங்கைக்கும் தாய்லாந்துக்கும் போனபோது ஏமாந்துபோனேன். எங்கே பார்த்தாலும் பூத்தட்டு, ஊதுவத்தி, தாது என்று புத்தரின் உடல் எச்சங்களுக்கு வழிபாடு. தியானத்தில் இருப்பவர்களைக் காணவே முடியவில்லை. புத்தர் எதை மறுத்தாரோ அதையே அவர் பெயரால் செய்கிறார்கள். போதாததற்கு, இலங்கையில் பிக்குகள் இனவாதம் பேசிய வரலாறு வேறு. உண்மையான பௌத்தம் இன்று நூல்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்த பூத்தட்டிலிருந்தே தொடங்குகிறேன். விகாரையில் தட்டை வைக்கும்போது அவர்கள் மெதுவாக ஏதோ சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அது பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள ஒரு செய்யுள். ‘இந்தப் பூவால் புத்தரைப் பூசிக்கிறேன், இந்தப் புண்ணியத்தால் விடுதலை கிட்டட்டும், இந்தப் பூ வாடுவதுபோலவே என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது’ என்பது அதன் பொருள். நீங்கள் அநித்தியம் என்று புத்தகத்தில் படித்ததும் இதுதான். பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு பாட்டி அதைக் கையில் பூவோடு, வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருப்பார். சொல்லும் எல்லோரும் ஒவ்வொரு முறையும் பொருளுணர்ந்துதான் சொல்கிறார்களா என்றால், இல்லைதான். ஆனால் தியானத்தில் உட்காரும் எல்லோரும் மூச்சையேவா கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்?

சடங்கால் மட்டுமே விடுதலை கிடைத்துவிடும் என்ற பிடிப்பைப் புத்தர் மறுத்தார். மனிதனைக் கட்டிவைக்கும் பத்துத் தளைகளில் அதுவும் ஒன்று. ஆனால் சடங்கு செய்பவரை அவர் எப்படி நடத்தினார் என்று பாருங்கள். ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் அதிகாலையில் குளித்து, ஈரத்துணியும் ஈரத்தலையுமாக ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஏன் என்று கேட்டால், சாகும்போது அப்பா சொன்னார் என்கிறான். புத்தர் அவனைக் கேலி செய்யவில்லை. திசைகளைக் கும்பிட வேண்டிய முறை வேறு என்று சொல்லி, கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழ்த்திசை வேலைக்காரர்கள், மேல்திசை துறவிகள் என்று விளக்குகிறார். வேலைக்காரரைப் பேணுவது என்றால் என்ன? சக்திக்கேற்ற வேலை, சோறு, கூலி, நோய் வந்தால் கவனிப்பு, நேரத்துக்கு ஓய்வு. எனக்கு மிகப் பிடித்த பேருரை இது. நிர்வாணம் பற்றிய பேச்சே இதில் கிடையாது. ஆனாலும் இது புத்தரின் போதனைதான்.

இல்லறத்தாரிடம் பேசும்போது அவர் பெரும்பாலும் தானத்தில் தொடங்கி, சீலம் என்ற ஒழுக்கத்துக்கு வந்து, கேட்பவர் மனம் பக்குவப்பட்ட பிறகே நான்கு உண்மைகளைச் சொன்னார். நாம் புத்தகத்தைத் திறந்ததும் நான்கு உண்மைகளில் நுழைந்துவிடுகிறோம். அப்புறம் தானத்தையும் சீலத்தையும் வாழ்ந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்து, இவர்களுக்கு பௌத்தம் தெரியவில்லை என்கிறோம்.

தாய்லாந்தில் விடிகாலைத் தெருக்களைப் பார்த்தீர்களா? பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் பெண் பாத்திரத்தில் சோற்றை இட்டுவிட்டு மண்டியிடுவாள். பிக்கு நன்றி சொல்வதில்லை. வாய்ப்பு கிடைத்ததற்காக அவள்தான் வணங்குகிறாள். இதற்குப் பின்னால் விநயம் எனப்படும் கறாரான துறவு விதிகள் இருக்கின்றன. பிறர் கையால் கொடுக்காததை பிக்கு உண்ணக்கூடாது. கிடைத்ததை மறுநாளைக்கு எடுத்துவைக்கக்கூடாது. நண்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை உணவில்லை. விளைவு, எவ்வளவு பெரிய ஞானியானாலும் மறுநாள் காலை ஊருக்குள் வந்தே ஆகவேண்டும். ஊர் சோறு போடும், பிக்குகளின் சங்கம் தர்மத்தைச் சொல்லும். இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லையென்றால், நீங்கள் படித்த பாலி நூல்களை மனப்பாடமாகவும் ஓலையிலும் இத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்ற ஆள் இருந்திருக்காது.

நீங்கள் அமர்ந்த பத்து நாள் முகாமுக்கு வருகிறேன். அதன் குறைநிறைகளை விடுங்கள், நல்ல காரியம்தான். ஆனால் இல்லறத்தார் கூட்டங்கூட்டமாகத் தியானத்துக்கு அமர்வது ஆசியாவில் சமீபத்திய வழக்கம். 1885இல் பர்மா முழுவதும் பிரிட்டிஷார் கைக்குப் போனது. சாசனத்தை, அதாவது புத்தரின் போதனை மரபைக் காக்க இனி அரசன் இல்லை, மக்களே காக்கட்டும் என்று, லெடி சயாடோ போன்ற பிக்குகள் அபிதம்மம் என்ற பௌத்தத் தத்துவப் பகுப்பாய்வையும் விபாசனாவையும் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனார்கள். அந்த வழியில் ஒரு விவசாயி ஆசிரியரானார். அவரிடம் கற்றவர் அரசாங்கக் கணக்குத் துறையில் உயர் அதிகாரியாக இருந்த ஊ பா கின். அவருடைய மாணவர் கோயங்கா 1969இல் இந்தியாவில் முகாம் நடத்தத் தொடங்கினார். ஆதி பௌத்தம் என்று நீங்கள் நினைக்கும் அந்த வடிவத்தின் வயது இவ்வளவுதான்.

அதற்காக உங்கள் தவிப்பைத் தள்ளிவிட முடியாது. புத்தருக்கு ஜேதவனம் என்ற தோட்டத்தை வாங்கிக் கொடுத்த வணிகர் அனாதபிண்டிகர் மரணப்படுக்கையில் இருந்தபோது, புத்தரின் தலைமைச் சீடரான சாரிபுத்தர் வந்து, கண்ணைப் பற்றாதே, காதைப் பற்றாதே, எதையும் பற்றாதே என்று ஆழமாக உபதேசிக்கிறார். கிழவர் அழுதுவிடுகிறார். இத்தனை காலம் உங்களோடு இருந்தும் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லையே என்கிறார். வெள்ளுடை தரித்த இல்லறத்தாருக்கு இதைச் சொல்வதில்லை என்று பதில் வருகிறது. இனியாவது சொல்லுங்கள், கண்ணில் தூசி குறைவானவர்கள் எங்களிலும் உண்டு என்று கேட்டுக்கொள்கிறார். அவர் கேட்டது நியாயம். நீங்கள் கேட்பதும் அதே நியாயம்தான்.

இனவாதம் பற்றிச் சொன்னீர்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கொல்லாமை முதல் சீலம். அதை மீறுவதற்குத் தூண்டும் பிக்கு, காவி கட்டியிருந்தாலும் பௌத்தத்தைக் கைவிட்டவர். ஆனால் அதைப் பூத்தட்டோடு சேர்த்து ஏன் எண்ணுகிறீர்கள்? 1951இல், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்ய நடந்த சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் சார்பில் பேசிய ஜே.ஆர். ஜெயவர்தன, ஜப்பானை மன்னிக்கச் சொல்லி, ‘வெறுப்பு வெறுப்பால் தணிவதில்லை, அன்பால்தான் தணியும்’ என்று தம்மபதம் என்ற பௌத்த நூலில் வரும் கருத்தை உலகத்தின் முன் எடுத்துரைத்தார். 1983 ஜூலையில் தமிழர்கள் கொல்லப்பட்டபோது அந்த நாட்டின் ஜனாதிபதி அவர்தான். நூல் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கோளாறு சடங்கில் இருக்கிறது, நூல் சுத்தமாக இருக்கிறது என்ற உங்கள் கணக்கு அங்கே உதைக்கிறது.

ஆசியாவில் பௌத்தம் எங்கும் ஒரே முகத்தோடும் இல்லை. சீனத்துத் துறவி மாமிசத்தைத் தொடமாட்டார். இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளின் தேரவாத மரபு பிக்கு பாத்திரத்தில் விழுந்ததைப் பெரும்பாலும் மறுக்கமாட்டார். ஜப்பானில் 1872 ஆணைக்குப் பிறகு பிக்குகள் மணம் முடிப்பது வழக்கமாகிவிட்டது. இதில் எது அசல் என்று தேடிக்கொண்டே போனால் வாழ்நாள் போய்விடும்.

மறுபடி இலங்கைக்குப் போனால் பௌர்ணமி அன்று விகாரைக்குப் போங்கள். போயா என்பார்கள், அரசு விடுமுறை நாள். வெள்ளுடை உடுத்திய சனம் எட்டுச் சீலங்களை ஏற்று, நண்பகலுக்குப் பிறகு உண்ணாமல், பண எனப்படும் தர்ம உரை கேட்டும் தியானித்தும் நாள் முழுக்க அங்கேயே இருக்கும். முக்கால்வாசிப் பேர் வயதான பெண்கள். நீங்கள் தேடியவர்கள் அவர்கள்தான். சீலம் எடுப்பது காலையில், அதனால் நேரத்தோடு போய்விடுங்கள்.