ஓலைப்பெட்டிக்கு என்ன விலை நியாயம்? வாங்குவோர், விற்போர் கேள்வி-பதில்

கேள்வி: கல்லடியில் சின்னக் கடையொன்று வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பனையோலைப் பொருட்கள், பன்பாய், மருதமுனைக் கைத்தறி, தேன், கஜு எல்லாம் வைத்து விற்க யோசனை. பொருள் செய்யும் பெண்கள், "சாமானை வைத்துக்கொள்ளுங்கோ, விற்ற பிறகு காசு தாங்கோ" என்கிறார்கள். எனக்கும் அது வசதிதான். கடைப் பலகையில் "நியாய வணிகம்" என்று போடலாமா?
ஆரையம்பதி வாசகி

பதில்: கடை நன்றாக நடக்கட்டும் தங்கச்சி. ஆனால் நியாய வணிகம் என்பது பொருள் செய்பவருக்கு நியாயமான விலையும் உரிய நேரத்தில் காசும் கொடுத்து வாங்குவது, ஆகவே பலகையை இப்போதே எழுதக் கொடுக்க வேண்டாம்.

"விற்ற பிறகு காசு" என்று அவர்கள் தாங்களாக விரும்பிச் சொல்வதில்லை. மற்றக் கடைகள் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கின்றன. அந்த ஏற்பாட்டில் ஓலைக் காசு, சாயக் காசு, பஸ் காசு எல்லாம் அவருடையது. உழைப்பும் அவருடையது. மூன்று மாதம் உங்கள் அலுமாரியில் கிடந்து தூசு பிடித்தால் நட்டமும் அவருக்குத்தான். உண்மையில் உங்கள் கடைக்கு வட்டியில்லாமல் முதல் போடுகிறவர் அவர். அந்த இடைவெளியில் வீட்டுச் செலவுக்கு அவர் நுண்கடன் எடுத்தால், உங்கள் வியாபாரத்துக்கான வட்டியையும் அவரே கட்டுகிறார் என்றுதான் அர்த்தம். நுண்கடனால் நம் மாவட்டத்துப் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

1989இல் தொடங்கிய உலக நியாய வணிக அமைப்பு பத்துக் கோட்பாடுகளை வைத்திருக்கிறது. சிறுவர் உழைப்புக் கூடாது, ஆண் பெண் பாகுபாடு கூடாது என்பவற்றை நம்மைப் போன்ற சின்னக் கடைக்காரர் உடனே ஒப்புக்கொள்வோம். கையைக் கடிப்பது காசு கொடுக்கும் நேரம் பற்றிய கோட்பாடுதான். கைவினைப் பொருளுக்கு ஓடர் கொடுக்கும்போது, செய்பவர் கேட்டால், குறைந்தது பாதிப் பணத்தை வட்டியில்லாமல் முற்பணமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. மிகுதியைப் பேசிய நாளில் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூங்கில் பற்தூரிகையும் துணிப்பையும் வைத்து அலங்கரித்தால் அழகான கடை கிடைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, விலை. சந்தையில் என்ன போகிறது என்று பார்த்து அதில் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதை நியாயம் என்று பலர் நினைக்கிறார்கள். சந்தை விலையே அடிமட்டத்தில் இருந்தால் அதில் கூட்டி என்ன பயன்? பெட்டியொன்று பின்ன எவ்வளவு நேரம் போகிறது என்று அவரையே கணக்கெடுக்கச் சொல்லுங்கள். ஓலை வார்வது, காய்ச்சுவது, சாயம் போடுவது, காய வைப்பது எல்லாம் சேர்த்து. பெரும்பாலானோர் பின்னும் நேரத்தை மட்டும்தான் சொல்வார்கள். 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனம் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. தன் வீட்டிலிருந்து செய்து உங்களுக்கு விற்பவர் உங்கள் ஊழியர் இல்லை, ஆகவே அந்தச் சட்டம் உங்களைப் பிடிக்காது. ஆனாலும் அதற்குக் கீழே போகாமல் இருக்க ஓர் அளவு வேண்டும், அதற்கு இது நல்ல அளவு. ஒரு பேச்சுக்கு, பெட்டிக்கு அரை நாள் என்றால் கூலி 600. ஓலையும் சாயமும் 200. அவர் கைக்கு 800 போக வேண்டும். நீங்கள் வாடகை, மின்சாரம், உங்கள் உழைப்பு என்று நூற்றுக்கு நாற்பது வைத்தால் 1,120 ரூபா.

இந்த விலைக்கு யார் வாங்குவார், பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் கூடை மலிவாயிற்றே என்பீர்கள். அந்த இடத்தில் அவருடைய கூலியைக் குறைக்காதீர்கள். பொருளை மாற்றுங்கள். சமையலறையில் தினமும் தேவைப்படும் சாமானுக்கு விலை கேட்டு ஓடுகிறவர் குறைவு: நீத்துப்பெட்டி, சுளகு, இடியப்பத் தட்டு. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு 2023 ஒக்டோபர் 1 முதல் நாட்டில் தடை. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் பூமாலை எல்லாம் அதே பட்டியலில்தான் வந்தன. பிரம்பிலும் ஈர்க்கிலும் பின்னிய தட்டுக்கு இப்போது சட்டமே ஆள் சேர்த்துத் தருகிறது.

இன்னொன்று. பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் உல்லாசப் பயணிகள் வருவது பெரும்பாலும் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. மாரியில் கடை காலியாக இருக்கும், செய்பவர் வீட்டிலும் அப்போதுதான் அடுப்புக்குத் திண்டாட்டம். நல்ல மாதங்களில் வரும் இலாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, மாரியில் ஓடர் கொடுக்க வையுங்கள். பலகையில் எழுதுவதைவிட இது பெரிய வேலை.

முழு முற்பணத்துக்கு இப்போது வழியில்லை என்றால் பத்துப் பேரிடம் கடனுக்கு வாங்கி அலுமாரியை நிரப்பாதீர்கள். மூன்று பேரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். கட்டாயம் "விற்ற பிறகு" என்றால் ஒரு கொப்பியில் இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்: எத்தனை பொருள், எந்தத் திகதியில் கணக்குத் தீர்ப்பது, உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் திருப்பி எடுப்பது. உங்கள் பங்கும் அப்போது குறைய வேண்டும். முதல் போடாதவருக்கு நாற்பது வீதம் அதிகம்.

பலகையில் என்ன போடுவது? ஃபெயார்ட்ரேட் என்ற பச்சை, நீல நியாய வணிகச் சான்றுச் சின்னத்தைத் தொடவே வேண்டாம். அது உரிமம் பெற்ற பொருட்களுக்கு உரியது. தேயிலை, கோப்பி, கொக்கோ, வாழைப்பழம் போன்றவற்றில்தான் அதிகம் காண்பீர்கள். "இந்தப் பெட்டியைச் செய்தவருக்கு 800 ரூபா கொடுத்தோம்" என்று விலைச்சீட்டில் எழுதிப் பாருங்கள். அதை எழுதத் துணிவு இருந்தால் வேறு சின்னம் தேவையில்லை. வணிகப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், வியாபார உரிமத்துக்கு மாநகர சபை.

கேள்வி: மருதமுனைக் கைத்தறிச் சாரம் என்று சொல்லி மட்டக்களப்பில் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டாம் கழுவலிலேயே சாயம் போய்விட்டது. கைத்தறிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
மட்டக்களப்பு வாசகர்

பதில்: சாயம் போவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல கைத்தறியிலும் சாயம் சரியாக ஏறாவிட்டால் போகும், மில் துணியில் போகாமலும் இருக்கும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் நெய்ததில் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரே நெருக்கத்தில் இருக்காது, அங்கங்கே கொஞ்சம் தடித்தும் தளர்ந்தும் வரும். கரையும் ஒரே நேராக ஓடாது. கரையோரம் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று சிலர் சொல்வார்கள். யந்திரத் தறியிலும் துணியை விரித்துப் பிடிக்கும் ஊசி உண்டு, ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள்.

பருத்தியா என்று பார்க்க ஓரத்து நூலொன்றை எடுத்துக் கொளுத்துங்கள். கடதாசி எரிகிற வாசம் வந்து சாம்பல் மிருதுவாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பொலியெஸ்டர் கலந்திருக்கிறது. கடைக்குள் நின்று செய்ய வேண்டாம், வீட்டில் செய்யுங்கள்.

கைத்தறி என்றாலே இயற்கையானது என்று நினைப்பதும் சரியில்லை. நூல் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, சாயம் பெரும்பாலும் இரசாயனம். கையால் நெய்தது என்பது ஒரு குடும்பத்துக்குத் தொழில் கொடுத்தது என்று சொல்கிறது, அதுவே போதுமான காரணம். சுற்றுச்சூழலும் முக்கியம் என்றால் கடைக்காரரிடம் சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். கல்முனைப் பக்கம் போகும்போது மருதமுனையில் இறங்கி, தறிச் சத்தம் கேட்கும் வீட்டிலேயே வாங்கினால் இந்தச் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் கடைக்கு "மக்கும் பை" என்று சொல்லி ஒருவர் கொண்டு வருகிறார். விலை கொஞ்சம் கூட. வாங்கலாமா? பைக்குக் காசு எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்களே?
கல்முனைக் கடைக்காரர்

பதில்: பின்னதை முதலில் சொல்கிறேன். கைபிடி உள்ள பொலித்தீன் ஷொப்பிங் பைகளை 2025 நொவெம்பர் 1 முதல் சும்மா கொடுக்கக் கூடாது. விலையைக் கடையில் காட்ட வேண்டும், பற்றுச்சீட்டிலும் போட வேண்டும்.

மக்கும் பை என்று வருவதில் இரண்டு வகை. ஒன்று சாதாரண பொலித்தீனில் ஒரு சேர்மானம் கலந்து, வெயில் பட்டால் நொறுங்கும்படி செய்தது. அது நொறுங்கித் துகளாகும், அந்தத் துகளும் பிளாஸ்டிக்தான். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைப் பொருட்களை 2021 ஜூலை முதல் சந்தைக்கு வரவிடவில்லை. மற்றது சோளம் போன்றவற்றிலிருந்து செய்வது. அதில் பல வகைகள் 58 பாகை அளவு சூடு இருக்கும் பெரிய உரக் கிடங்கில்தான் ஒழுங்காக மக்கும். நம் வீட்டு வளவுக் குழியிலோ, வாவியிலோ விழுந்தால் நெடுநாள் கிடக்கும். கொண்டு வருபவரிடம் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். "நூறு வீதம் இயற்கை" என்று பையில் அச்சடித்திருப்பது சான்றிதழ் இல்லை.

பெரும்பாலான தையற்கடைகளில் வெட்டுத் துண்டு வீணாகக் கிடக்கும். அதில் பை தைக்கச் சொல்லி, அடக்க விலைக்கே கொடுங்கள். வாடிக்கையாளர் மறுபடி கொண்டு வந்தால் பத்து ரூபா கழித்துப் பாருங்கள். பழைய பத்திரிகைக் கடதாசிப் பை துணிமணிக்குச் சரி, வடைக்கும் கஜுவுக்கும் வேண்டாம், மை ஒட்டும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் ஒரு கடையில் "இயற்கைச் சிவப்பரிசி" என்று இருமடங்கு விலை. நம்பி வாங்கலாமா?
திருக்கோவில் வாசகி

பதில்: சிவப்பு என்பதால் இயற்கை ஆகிவிடாது. பச்சைப்பெருமாள் பழைய சிவப்பு நெல். ஏ.ரீ. 362 என்பதும் சிவப்புத்தான், ஆனால் அது ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய இனம், உரமும் மருந்தும் போட்டுச் செய்பவர் நிறைய. பழைய இனத்துக்கும் யூரியா போடலாம், யாரும் தடுப்பதில்லை.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது, அந்தத் தடையை அந்த வருடக் கடைசியிலேயே கைவிட்டது. அம்பாறை வேளாண்மைக்காரர் அந்தப் போகத்தில் பட்ட அடி ஒன்று. "நாங்கள் அப்போதிருந்தே இயற்கைதான்" என்று விற்பனைப் பேச்சாக அது இப்போது திரும்பி வருவது இன்னொன்று. அந்தப் பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். சான்று பெற்ற இயற்கை விளைச்சல் என்றால் சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர், செல்லுபடியாகும் திகதி, எந்தக் காணிக்கு என்பது எழுத்தில் இருக்கும். இரசாயனத்தை நிறுத்திய மறுபோகமே சான்று கிடைக்காது. நெல் போன்ற பயிருக்கு ஐரோப்பிய விதியில் 2 வருடம், அமெரிக்க விதியில் 3 வருடம் காத்திருக்க வேண்டும்.

சின்ன வேளாண்மைக்காரரால் சான்றுக்கான செலவைத் தாங்க முடியாது என்பதும் உண்மை. அவர்களைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. கடைக்காரர் தெரிந்ததை மட்டும் எழுதட்டும்: எந்த வட்டை (வயல்வெளி), யாருடைய வயல், என்ன போட்டார், என்ன போடவில்லை. நீங்கள் கேட்க வேண்டிய ஒன்று, தண்ணீர். பக்கத்து வயலுக்கு மருந்தடித்த தண்ணீர் அதே வாய்க்காலில் இவர் வயலுக்கும் வருகிறதா? சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துத் தண்ணீரில் விளையும் வட்டைகளில் இது சும்மா கேள்வியல்ல. இதற்கு நேராகப் பதில் சொல்கிற கடையில் இருமடங்கு கொடுத்தாலும் பரவாயில்லை என்பேன்.

கேள்வி: காட்டுத்தேன் என்று வாங்கியது ஒரு மாதத்தில் உறைந்து சீனி மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர், விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று எழுதிய பலகையைக் காட்டுகிறார்.
வாழைச்சேனை வாசகர்

பதில்: உறைந்ததால் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள், சுத்தமான தேனும் உறையும். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் இளகும். தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, தண்ணீரில் ஒரு துளி விடுவது எல்லாம் நம்பத்தக்க சோதனை இல்லை.

உண்மையிலேயே தேன் இல்லை என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பலகைக்கு அஞ்ச வேண்டாம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்க முடியாது என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொய்யான விவரிப்பைக் குற்றமாக்குகிறது. "நியாய வணிகம்", "இயற்கை" என்று பலகை போடுபவருக்கும் இது பொருந்தும். முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். தொலைபேசியில் விசாரிக்க அவர்களின் இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் வேலை கடினமாகிவிடும். கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: மாரியில் ஓலைப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்கிறது. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டு வருகிறார்கள். என்ன செய்யலாம்?
களுவாஞ்சிகுடிக் கடைக்காரர்

பதில்: பொலித்தீனில் சுற்றி வைத்தீர்கள் என்றால் நிறுத்துங்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுவரில் முட்டாமல், நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். வெயில் எறிக்கும் நாளில் இரண்டு மணித்தியாலம் வெளியே வைத்தால் போதும், சாயம் போட்டதை நிழலில் காய வையுங்கள். பூஞ்சணம் லேசாக இருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி, வினாகிரி தொட்ட துணியால் துடைத்துக் காய விடுங்கள். புரட்டாதிக்குப் பிறகு பெரிய இருப்பு எடுக்காதீர்கள், வாரத்துக்கு வாரம் வாங்குங்கள். திருப்பிக் கொண்டு வந்த பெட்டியின் காசைப் பின்னியவரிடம் கழிக்க வேண்டாம். அது உங்கள் கடையில் பிடித்த பூஞ்சணம்.