மகள் கடற்கரைப் பறவைகளைத்தான் படிப்பேன் என்கிறாள்: கவலைப்படும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நல்ல மதிப்பெண் எடுக்கும் பெண், பள்ளிப் படிப்பு முடியும் நேரத்தில் கரையோரப் பறவைகளைப் பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இது படிப்பா பொழுதுபோக்கா, இதில் சோறு கிடைக்குமா, சேற்றிலும் தண்ணீரிலும் பெண்பிள்ளை தனியாக அலைவதா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இது என்ன படிப்பு என்று சொல்லிவிடுகிறேன். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள பறவை) எல்லாம் கரையோரப் பறவைகள்தான். இவற்றில் பல வட துருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிட்டு, குளிர் தொடங்கும்போது தெற்கே பறந்துவிடும். 2022-ல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. தூரம் 13,560 கிலோமீட்டர். பதினொரு நாள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. அது பிறந்து ஐந்து மாதம்கூட நிரம்பாத இளம் பறவை. இந்த இனம் கிளம்பும் முன் உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். பறக்கும்போது வேலையில்லாத குடல், இரைப்பை போன்ற உறுப்புகள் சுருங்கிவிடும். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? யாரோ அந்தப் பறவையைப் பிடித்து, எடை பார்த்து, சின்னஞ்சிறு செயற்கைக்கோள் கருவியை முதுகில் பொருத்தி, வந்த தரவை உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். உங்கள் மகள் கேட்பது அந்த வேலையை.

இன்னும் கிட்டத்தில் ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை ஈரச் சேற்றைப் பார்த்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓடும். பெரிய கண் அதற்கு. பார்த்துப் பிடிக்கிற பறவை. உள்ளான் பெரும்பாலும் அப்படியில்லை, தலை நிமிராமல் தையல் ஊசி மாதிரி அலகைச் சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டே போகும். ரெட் நாட் என்கிற உள்ளானுக்கு அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு. ஈர மணலுக்குள் புதைந்திருக்கும் சிப்பியை அலகால் தொடாமலே, அதைச் சுற்றியுள்ள நீரழுத்த மாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். பிறகு முழுசாக விழுங்கி இரைப்பையில் நொறுக்கும். ஒரே சேற்றில் இத்தனை வகைப் பறவை சண்டையில்லாமல் பிழைப்பது அலகின் நீளமும் இரை தேடும் முறையும் வேறுபடுவதால்தான். இதைக் கவனித்து ஏன் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை பொழுதுபோக்குக்காகப் பேசவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது சோறு. இதில் நான் உங்களுக்குப் பூசி மெழுகப் போவதில்லை. பறவை ஆய்வாளர் என்ற பெயரோடு நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முதல் சில ஆண்டுகள் பருவகால உதவியாளர், திட்டம் முடியும் வரை ஒப்பந்தம் என்றுதான் போகும். முனைவர் பட்டம் வரை போனால் முப்பது வயதை ஒட்டித்தான் ஒரு நிலைக்கு வருவாள். அதனால் பறவையை மட்டும் நம்பிப் படிக்க விடாதீர்கள். இளநிலையில் உயிரியலோ சூழலியலோ எடுக்கட்டும், கூடவே புள்ளியியலைக் கெட்டியாகப் பிடிக்கட்டும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். புள்ளியியல் கணக்குக்கு உதவும் ஆர் (R) மாதிரியான கணினி நிரல்மொழி ஒன்று, செயற்கைக்கோள் படத்தைப் படித்து வரைபடமாக்கும் திறமை ஒன்று, இந்த இரண்டும் கையில் இருந்தால் பறவை வேலை கிடைக்காத ஆண்டிலும் வேறு கதவு திறக்கும். துறைமுகமோ காற்றாலையோ கட்டும் முன் சூழல் பாதிப்பை மதிப்பிடும் நிறுவனங்கள், வனவிலங்குத் துறைகள், சதுப்புநிலப் பாதுகாப்பு அமைப்புகள், கடலோரத் திட்டமிடல், கற்பித்தல் என்று எல்லா இடத்திலும் அந்தத் திறமைக்குத் தேவை இருக்கிறது.

அந்தத் திறமை பறவைக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் இருக்கும் மஞ்சள் கடல், கிழக்காசிய வழியில் வலசை போகும் பறவைகள் இறங்கி வயிறு நிரப்பும் இடம். அங்கே ஐம்பது ஆண்டுகளில் 65 சதவீதம் வரை ஓதச் சேற்றுவெளி (கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளியே தெரியும் சேறு) அழிந்துபோனதைப் பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். தென் கொரியாவின் செமாங்கும் பகுதியில் 2006-ல் 33 கிலோமீட்டர் கடல் சுவர் எழும்பி, பெரிய சேற்றுவெளி அடைபட்டது. கிரேட் நாட் என்ற பெரிய உள்ளான் அங்கே கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவை பக்கத்துக் கரைக்குப் போயிருக்கும் என்று சமாதானம் சொல்வது சுலபம். ஆனால் பக்கத்துக் கரைகளில் எண்ணியவர்கள் அந்த அளவு கூடுதலைப் பார்க்கவில்லை, அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியாவில் எண்ணியவர்களும் குறைவைத்தான் பார்த்தார்கள். இடம் மாறவில்லை, இல்லாமல் போயின. இந்த மாதிரி எண்ணிக்கைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் பேச்சு மாறியது. 2018-ல் சீனா வணிகத்துக்காகக் கடலை நிரப்புவதற்குக் கடும் தடை போட்டது. 2019-ல் மஞ்சள் கடலின் சீனக் கரைப் பகுதிகளும், 2021-ல் தென் கொரியாவின் சேற்றுவெளிகளும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. குளிரிலும் வெயிலிலும் நின்று எண்ணியவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

எண்ணுவது எப்படியிருக்கும் என்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவனோடு ஒரு கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். கடல் ஏறிச் சேறெல்லாம் மூழ்கும் நேரம் அது. பறவைகள் மிச்சமிருந்த மணல்திட்டில் நெருக்கியடித்து, காற்றைப் பார்த்தபடி நின்றன. தொலைநோக்கியில் பத்துப் பத்தாகப் பிரித்து அவன் எண்ணிக்கொண்டே வந்தான். ஆயிரத்து நூறைத் தாண்டியபோது ஒருவர் நாயோடு ஓரமாக நடந்து வந்தார். மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. அவன் முகம் சுளிக்கவில்லை. நேரத்தையும் நாய் வந்ததையும் குறிப்பேட்டில் எழுதினான், அவை திரும்ப அமரும் வரை காத்திருந்தான், ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒவ்வொரு முறை பறப்பதும், பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். அந்த நாயின் வருகையும் தரவுதான் என்று அவனுக்குப் புரிந்திருந்தது. அன்றைக்கே அவன் பெற்றோரிடம் தடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மகளுக்கும் அதே சோதனையைத்தான் சொல்கிறேன். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஓர் ஆண்டு, மாதம் இரண்டு முறை, ஒரே இடத்தில் எண்ணட்டும். பக்கத்தில் கடல் இல்லையென்றால் வற்றும் ஏரியின் சேற்றோரம் போதும், அங்கேயும் உள்ளான் வரும். தேதி, நேரம், கடல் ஏற்றமா வற்றமா, எந்தப் பறவை எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. ஒன்றுமே வராத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். ஆண்டு முடிவில் அந்த நோட்டு நிரம்பியிருந்தால் கல்லூரித் தேர்வுக்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. ஆறே பக்கத்தோடு நின்றுபோனால் அதுவும் நல்லதே. காசு செலவழிக்கும் முன் அவளுக்கே தெரிந்துவிடும். அவளைத் திட்டாதீர்கள்.

அப்புறம் பாதுகாப்பு. பயப்பட வேண்டியது பறவையிடம் இல்லை, தண்ணீரிடம். வற்றத்தில் நடந்து போன சேற்றில் ஏற்றம் பின்பக்கமாகச் சுற்றி வந்துவிடும். கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் இறங்கக் கூடாது, தனியாகப் போகக் கூடாது, எப்போது திரும்புவாள் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஆய்வுக் குழுக்களில் இது எழுதி வைத்த விதி. சேரப் போகும் குழுவில் இதைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தக் குழு வேண்டாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிதாக இருக்கும், பறவைகளும் ஒரே இடத்தில் திரளும். முதல் கணக்கெடுப்புக்கு அப்படி ஒரு நாளாகப் பார்த்து நீங்களும் கூடப் போங்கள். அவள் தொலைநோக்கியில் கண் வைத்து எண்ணிச் சொல்லட்டும். நோட்டும் பேனாவும் உங்கள் கையில் இருக்கட்டும்.