விண்டோஸ் 7 குறைவாகத்தான் ராம் பிடித்தது. 10 இரண்டு மடங்கு பிடிக்கிறது. பழையதற்கே திரும்பிவிடலாமா?

கேட்டவரிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸ் 7 இருந்தபோது 1 ஜிபி அளவில் நின்ற ராம் பாவனை, 10 போட்டதும் 2 ஜிபியைத் தொட்டுவிட்டது, ஆமை மாதிரி ஊர்கிறது என்கிறார்.

திரும்ப வேண்டாம். ராம் கூடியது உண்மை. ஊர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

வெள்ளவத்தையில் மாமாவின் கொம்யூனிகேஷன் கடையில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். போட்டோகொப்பி, டைப்செட்டிங், அப்புறம் தெரிந்தவர்களின் லேப்டாப் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபொண்ட்டில் தட்டச்சு செய்கிற ஒரு ஐயா வரும்போதெல்லாம் சொல்லுவார்: "எக்ஸ்பி பறந்தது தம்பி, அதையே போட்டுத் தாங்கோ."

பறந்ததுதான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 64 எம்பி ராம் இருந்தால் போதும் என்றார்கள். அதை நாங்கள் பிறகு 2 ஜிபி ராம் உள்ள மெஷினில் போட்டு ஓட்டினோம், பறக்காமல் என்ன செய்யும்? அது வந்த புதிதில் 128 எம்பி மெஷினில் முக்கிக்கொண்டுதான் ஓடியது. அப்போது எல்லோருக்கும் அதற்கு முந்தைய விண்டோஸ் 98தான் பறந்தது. அதைவிட, அந்த எக்ஸ்பியில் தமிழ் யூனிகோட் தெரிய சீடியைத் தேடிப் போட்டு தனியாக ஒரு பகுதியை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாகத் தெரியும். இன்று அது கேட்காமலே கூட வருகிறது. இப்படிக் கூட வருபவை சேர்ந்துதான் கனம் கூடுகிறது. 10இல் வைரஸ் தடுப்பும் உள்ளேயே ஓடுகிறது. 7இல் அதைத் தனியாகப் போட வேண்டும், போடாத 7ஐ வைத்து ஒப்பிட்டால் கணக்கு சரிவராது. உங்கள் விண்டோஸ் 7 ஆனது 32 பிட் ஆகவும், விண்டோஸ் 10 ஆனது 64 பிட் ஆகவும் இருந்தால் அதுவும் கொஞ்சம் கூட்டும். அதிகாரபூர்வமான குறைந்தபட்ச ராம் தேவை 7, 10 இரண்டுக்கும் ஒன்றேதான்: 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. 11க்குத்தான் 4 ஜிபி ஆக்கினார்கள்.

டாஸ்க் மேனேஜரில் எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். எக்ஸ்பியில் 'பிஎஃப் யூசேஜ்' என்று காட்டியது ராம் கணக்கே இல்லை. ராமும், ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்த்து புரோகிராம்களுக்கு ஒதுக்கிய அளவு. அதைக் கொண்டுவந்து 10இன் எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. 'அவெயிலபிள்' என்பதைப் பாருங்கள். அதற்குள் 'ஸ்டேண்ட்பை' என்று ஒரு பங்கு உண்டு. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரோல்ஸும் வடையும் தட்டில் வருமே, அந்த மாதிரி. சாப்பிட்டால் காசு, மேசையில் இடம் தேவைப்பட்டால் தட்டை எடுத்துவிடுவார்கள். 7க்கு முந்தைய விஸ்டா தொடக்கம் விண்டோஸ் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை இப்படி முன்கூட்டியே ராமில் எடுத்து வைக்கிறது. வெறும் ராம் யாருக்கும் உதவாது.

சரி, ஊர்வது ஏன்? ஒருநாள் கடையில் வேலை இல்லாத நேரம் ஒரே லேப்டாப்பில் 7 உள்ள ஹார்ட் டிஸ்க்கையும் 10 உள்ளதையும் மாற்றி மாற்றிப் போட்டு போன் ஸ்டொப்வாட்ச்சில் பார்த்தேன். டெஸ்க்டாப் தெரிவதில் 10தான் முந்தியது. ஆனால் அது கள்ள ஆட்டம்: விண்டோஸ் 8 தொடக்கம் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கேர்னலைத் தூங்கவைத்து டிஸ்க்கில் சேமித்துக்கொள்ளும், முழுதாக மூடாது. 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டெஸ்க்டாப் வந்த பிறகு 10இல் டிஸ்க் 100% என்று சிவந்து சில நிமிடம் அப்படியே நின்றது. ராமில் இன்னும் இடம் இருந்தது. 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லி செக்கன் எடுக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் செக்கனுக்கு நூறு தடவை கொடுப்பதே பெரிய காரியம். அப்டேட், தேடல் அட்டவணை, வைரஸ் ஸ்கேன் மூன்றும் ஒன்றாகக் கை நீட்டினால் வேர்ட் வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

அதே 10ஐ, சுற்றும் தட்டே இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டியில் போட்டேன். நான் தேத்தண்ணி ஊற்றி முடிக்கும் முன்பே தயாராக இருந்தது. ஐயாவுக்கும் அப்படியே செய்து கொடுத்தேன், அடுத்த வாரம் வந்து "எக்ஸ்பிதானே போட்டுத் தந்தனீங்கள்?" என்றார். நான் மறுக்கவில்லை.

ஆகவே முதல் காசு எஸ்எஸ்டிக்கு. பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறக்கிற ஆள் என்றால் இரண்டாவது காசு இன்னொரு 4 ஜிபி ராமுக்கு. உங்கள் மொடலுக்குப் பொருந்தும் ராமை பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விசாரியுங்கள். 7க்கு ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2020 ஜனவரியில் நின்றது, குரோமும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. 10க்கும் 2025 ஒக்டோபர் 14இல் வழக்கமான ஆதரவு முடிந்தது, 11 உங்கள் பழைய பிராசசரை ஏற்காது. இணைய பேங்கிங் செய்கிறீர்கள் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள், 4 ஜிபியில் தாராளமாக ஓடும்.

எதைப் போடுவதானாலும், ஃபார்மட் பண்ணும் முன் ஃபொண்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பாமினியைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அதை மறந்துவிட்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் நிறையப் பேர்.