ஊர் நகர்ந்தால் மொழி எங்கே போகும்?

அன்புள்ள ஐயா,

சமூகவியல் முதுகலை படிக்கிறேன். ஆறு மாதப் படிப்புக்காக ஜெர்மனி போகிறேன். ஐரோப்பாவின் சிறுபான்மைப் பண்பாடுகளையும் புலம்பெயர்வையும் நேரில் பார்த்துப் படிக்க ஆசை. பெர்லினில் துருக்கியர் அதிகம் வாழும் க்ராய்ஸ்பெர்க்கிலேயே தங்கிவிடலாம் என்றிருக்கிறேன். அது போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

க்ராய்ஸ்பெர்க்கை அவசியம் பாருங்கள். 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஜெர்மனி ஆளெடுத்தது, 1973இல் நிறுத்தியது. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை அங்கே சந்திப்பீர்கள். ஆனால் ஜெர்மன் அரசு ‘தேசியச் சிறுபான்மை’ என்று ஏற்றிருப்பது நான்கு இனங்களைத்தான்: டேனியர், ஃப்ரீசியர், சின்டி - ரோமா, சோர்பியர். துருக்கியர் அதில் இல்லை. தலைக்கணக்கு பார்ப்பதில்லை, காலங்காலமாக அந்த மண்ணில் இருந்தவர்களா என்றுதான் பார்க்கிறார்கள். வந்தவர் வேறு, இருந்தவர் வேறு என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு நிற்கிறதா என்று பார்க்க நீங்கள் சோர்பியர் வாழும் பவுட்சன் நகரத்துக்குப் போக வேண்டும்.

ஜெர்மனியின் கிழக்கிலுள்ள ட்ரெஸ்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்துப் பலகையிலேயே இரண்டு பெயர்: பவுட்சன், புடிஷின். இரண்டாவது சோர்பிய மொழிப் பெயர். அந்த மொழி செக், போலிஷ் மொழிகளுக்கு உறவு. சோர்பியர் சுமார் 60,000 பேர் என்பார்கள், மொழியைப் பேசுகிறவர்கள் அதைவிடக் குறைவு.

ஏன் குறைந்தார்கள் என்பதில்தான் உங்கள் இரண்டு பாடமும் ஒன்றாகின்றன. அந்த மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி. அதைத் தோண்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை இடித்தார்கள். சோர்பியம் பேசிய ஊர் கலைந்து ஜெர்மன் பேசும் நகரத்து அடுக்குமாடிகளில் சிதறியது. சுரங்க வேலைக்கு வெளியாட்கள் வந்தார்கள். 1945க்குப் பின் கிழக்கிலிருந்து ஜெர்மன் அகதிகளும் வந்தார்கள். எல்லை தாண்டாமலே சோர்பியர் புலம்பெயர்ந்தவர்கள் ஆனார்கள். கடல் தாண்டியவர்களும் உண்டு: 1854இல் யான் கிலியான் என்ற பாதிரியாரோடு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் டெக்சாஸுக்குக் கப்பலேறி, செர்பின் என்ற ஊரை உண்டாக்கினார்கள்.

பக்கத்துக் கிராமம் ஒன்றில், ரொட்டிக் கடையில் இரண்டு பெண்கள் சோர்பியத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் ஜெர்மனுக்கு மாறிவிட்டார்கள். மரியாதைக்காகத்தான். அந்நியர் ஒருவர் இருந்தாலும் அவருக்காக மாறிக்கொள்வது அங்கே தலைமுறைப் பழக்கம். ஆனால் ஒரு மொழி வீட்டுக்குள் ஒதுங்குவது இப்படித்தான் என்று அன்று எனக்கு உறைத்தது. மறுநாள் ‘தோப்ரி ஜென்’ என்று வணக்கம் சொல்லிக்கொண்டே போனேன். இருவர் முகமும் மலர்ந்தது, பேச்சை மாற்றவில்லை. நீங்களும் பத்து சொல்லாவது கற்றுக்கொண்டு போங்கள்.

ரால்பிட்ஸ் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு வெள்ளை மரச் சிலுவை, சோர்பிய எழுத்து. ஈஸ்டர் ஞாயிறன்று கத்தோலிக்க சோர்பிய ஆண்கள் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாகக் குதிரையேறிப் பாடிக்கொண்டு போவார்கள். உங்கள் பயணம் ஈஸ்டருக்கு முன்பா பின்பா? எழுதுங்கள்.