கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 90 மில்லிகிராம்: குறைக்கப் பாக்டீரியா தூள் போடலாமா?

தூள் வேண்டாம் நண்பரே. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிப் பறக்கவிடும் பாக்டீரியாக்கள் மண்ணிலேயே இருக்கின்றன. வயலில் போட்ட யூரியாவின் ஒரு பகுதி காற்றோடு போவதும் அவற்றின் கைவரிசைதான். ஆனால் ஆக்சிஜன் அற்றுப்போனால்தான் அவை நைட்ரேட்டில் வாய்வைக்கும். கூடவே மட்கிய இலைதழை போன்ற கரிமத் தீனியும் வேண்டும். உங்கள் திறந்த கிணற்றில் காற்றுக்கா பஞ்சம்?

கொதிக்க வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது, நீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கிச் செறிவு கூடும். இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க இந்த நீரை இன்றே நிறுத்திவிடுங்கள். குடிக்க ஆர்.ஓ. நீர் போதும். கிணற்றை ஒட்டியிருக்கிறது என்றீர்களே, நைட்ரேட் கசியவிடும் அந்தச் சாணக்குழியை முதலில் இடம் மாற்றுங்கள்.