வந்த வழியைத் திரை ஏன் மறந்துவிடுகிறது? கேள்வி பதில்

கோவையில் மென்பொருள்களுக்குத் திரை வடிவமைக்கிற வேலை எனக்கு. லிங்க் மேல் லிங்காகப் போய் வழி தவறுவது பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

திருப்பூர், மெர்ச்சண்டைசர்: அண்ணா, பையர் அனுப்பின லிங்க்கைத் திறந்தா, அங்கிருந்து துணி விவரம், அப்புறம் டெஸ்டிங் விதிமுறைன்னு போயி, மத்தியானத்துக்குள்ள டேப் நிறைஞ்சிருது. எதுக்காக எதைத் திறந்தேன்னே தெரியறதில்லை. என் கவனம் சரியில்லீங்களா?

கவனத்துல குறை ஒண்ணுமில்லைங்க. 1987லேயே ஜெஃப் காங்க்ளின் என்ற ஆய்வாளர் ஹைப்பர்டெக்ஸ்டில், அதாவது லிங்க்கால் ஒண்ணோடொண்ணு இணைஞ்ச எழுத்தில், வர்ற ரெண்டு சிக்கல்களை எழுதி வெச்சார். ஒண்ணு, எங்க நிக்கறோம்னு தெரியாமப் போறது. இன்னொண்ணு, எந்த லிங்க்கில் போகலாம், எதை விடலாம்னு மனசு சுமக்கிற பாரம். டேப் வரிசை ரெண்டையும் தீர்க்கலை. எந்தப் பக்கத்துலிருந்து எது பிறந்ததுன்னு அது காட்டறதே இல்லை. டேப் கூடக்கூட தலைப்பும் சுருங்கி வெறும் ஐகான் ஆயிருது.

ஃபயர்ஃபாக்ஸ் வெச்சிருந்தீங்கன்னா 'ட்ரீ ஸ்டைல் டேப்' நீட்சியை (பிரவுசரோட சேர்த்துக்கற எக்ஸ்டென்ஷன்) போட்டுப் பாருங்க. டேப்கள் இடப்பக்கம் மேலிருந்து கீழா வரும். பையர் பக்கத்துக்கு அடியில் துணி விவரம், அதுக்கு அடியில் விதிமுறை, ஒவ்வொண்ணும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். ஆர்டர் முடிஞ்சதும் அந்தக் கிளையை மொத்தமா மூடிடலாம்.

கோபி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, விக்கிப்பீடியா படிக்கறப்போ பேக் பட்டன் அழுத்தி அழுத்திப் போனாலும், கொஞ்சம் முன்னாடி பார்த்த பக்கம் வரமாட்டேங்குதே, ஏன்?

நல்ல கேள்விங்க ஐயா. எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம் இதுலதான். நொய்யல் பக்கத்தைத் திறக்கறீங்க. அங்கிருந்து ஒரத்துப்பாளையம் அணைக்குப் போறீங்க. பேக் அழுத்தி நொய்யலுக்கே வந்து, இப்ப கரூரை அழுத்தறீங்க. அந்த நொடியே பிரவுசர் அணையை அந்த வரிசையிலிருந்து எடுத்துடுது. இனி பேக் அழுத்தினா நொய்யல் வரும், அதுக்கு முந்தினது வரும், அணை வராது. நீங்க நடந்தது கிளை பிரிஞ்ச பாதை. பிரவுசர் வெச்சிருக்கிறது ஒத்தை வரிசை.

அணை ஹிஸ்டரியில் இருக்கும். கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தித் தேடுங்க. ஆனா அங்கேயும் நேர வரிசைதான், கிளை தெரியாது. டாஷர், கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 1997ல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் போற பக்கங்களில் 58 சதவீதம் ஏற்கெனவே பார்த்த பக்கங்கள்தான். திரும்பி வர்றது அவ்வளவு பெரிய பங்குன்னா, அதுக்கான வசதி இத்தனை குறுகலா இருக்கவே கூடாதுங்க.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: ஏனுங்க, ரெண்டு பக்கத்தை ஒண்ணா வெச்சு விலை பார்க்கோணும். எப்படீங்க?

ஷிஃப்ட் அழுத்திக்கிட்டு லிங்க்கைச் சொடுக்குங்க, தனி விண்டோவில் திறக்கும். விண்டோஸ் பட்டனோட இடது அம்பு ஒண்ணுக்கு, வலது அம்பு இன்னொண்ணுக்குன்னு அழுத்தினா, ரெண்டும் அருகருகே நிக்கும். அவ்வளவுதாங்க.

பொள்ளாச்சி, நூலகர்: இதையெல்லாம் முன்னாடியே யாரும் யோசிக்கலையா சார்?

நல்லாவே யோசிச்சிருக்காங்க மேடம். 1945ல் அமெரிக்கப் பொறியாளர் வன்னேவர் புஷ் கற்பனை செஞ்ச மெமெக்ஸ் இயந்திரத்தில், படிச்ச பாதையையே சேமிச்சு அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஹைப்பர்டெக்ஸ்ட்ங்கற பேரையே வெச்ச டெட் நெல்சன், ரெண்டு ஆவணங்களை அருகருகே வெச்சு நடுவில் இணைப்புக் கோடு தெரியணும்னு வற்புறுத்தினார். 1987ல் வந்த ஹைப்பர்கார்டுங்கற ஆப்பிள் மென்பொருளில் ஒவ்வொரு பக்கமும் ஒரு அட்டை; கடைசியாகப் பார்த்த 42 அட்டைகள் சின்னச் சின்னப் படங்களா ஒரே திரையில் வரும். இணைய வலையை உருவாக்கின டிம் பெர்னர்ஸ் லீ எழுதின முதல் பிரவுசரிலும் லிங்க் தனி விண்டோவில்தான் திறந்தது. பழைய பக்கம் மறைஞ்சு புதுசு அதே இடத்துல வர்ற முறையை 1993ல் மொசைக் என்ற பிரவுசர் ஊரறியச் செஞ்சது. சின்னத் திரைக்கு அது பொருத்தம்தான். இப்ப மேசையில் அகலத் திரை இருந்தும், நடுவில் ஒரு பக்கம் மட்டும் காட்டி ரெண்டு ஓரத்தையும் வெறுமையா விடறோம். அந்த இடம் வந்த வழிக்குச் சேர வேண்டியதுங்க.

கோவை, பொறியியல் மாணவி: அண்ணா, கடைசி வருஷப் புராஜெக்டுக்கு இதையே எடுக்கலாமா?

தாராளமா எடும்மா. பிரவுசரையே எழுதப் போகாதே, ஒரு நீட்சி போதும். லிங்க்கை அழுத்தினா புதுப் பக்கம் வலப்பக்கம் வரட்டும், பழையது இடப்பக்கம் ஒதுங்கி நிற்கட்டும், அழுத்தின சொல் அதுல நிறம் மாறித் தெரியட்டும். ஹிஸ்டரியைக் கிளையா வரைஞ்சு காட்டு. முழு வரைபடம் போட்டுடாதே. நூறு புள்ளி, நூறு கோடு ஆனா அதுக்குள்ளேயே வழி தவறும். இப்போதைய பக்கம், அதைத் திறந்த தாய்ப் பக்கம், பக்கத்துக் கிளைகள், இவ்வளவு போதும்.

சோதிக்கிறப்ப "பிடிச்சிருக்கா"ன்னு கேட்காதே. பத்து நிமிஷம் படிக்க விட்டுட்டு, ஆரம்பத்துல பார்த்த ஒரு பக்கத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லு. எத்தனை நொடி, எத்தனை சொடுக்குன்னு எண்ணு. சாதா பிரவுசரிலும் அதையே செய்ய வெச்சு, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாரு.