அப்பாவுக்கு வீல்சேர்: ஆர்டர் போடும் முன் இஞ்ச் டேப்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துவிட்டன. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. ஆன்லைனில் 'ஸ்டாண்டர்டு சைஸ்' வீல்சேர் ஒன்று மலிவாக வருகிறது. எங்களுடையது பழைய ஓட்டு வீடு. வாங்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் வீட்டை அளந்துவிடுங்கள். என் அம்மாவுக்கு நான் அளக்காமல்தான் வாங்கினேன். முதல் நாளே குளியலறை வாசலில் வண்டி சிக்கியது. சக்கரத்தைப் பிடித்திருந்த அம்மாவின் விரல் முட்டி கதவு நிலையில் உரசித் தோல் பெயர்ந்துவிட்டது. "உட்கார்ந்து பார்த்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர்.

சீட் 18 அங்குலம் என்று போட்டிருந்தால் அது உட்காரும் இடம் மட்டும். சக்கரமும் அதைத் தள்ளுகிற கைவளையமும் சேர்ந்தால் மொத்த அகலம் 25 அங்குலத்தைத் தொடும். அதனால் ஒவ்வொரு நிலையையும் உள்பக்கமாக அளங்கள். குளியலறைக்குள் போகாது என்றால் நிலையை உடைக்க வேண்டாம், சின்னச் சக்கரம் வைத்த குறுகலான கமோடு நாற்காலி தனியாகக் கிடைக்கிறது. படிக்குச் சாய்தளம் போடும்போது 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு. அரை அடிப் படி என்றால் 6 அடி சாய்தளம்.

அப்புறம் அப்பாவை அளக்க வேண்டும். இடுப்பு அகலத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக சீட் இருந்தால் போதும். சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் சீட்டின் உயரம். அது சரியாக இருந்தால் அவர் யாரையும் எதிர்பார்க்காமல் வீட்டுக்குள் போய்வர முடியும். இடது கையால் வளையத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்த வேண்டும். கையால் மட்டும் தள்ளினால் வண்டி ஒரு பக்கமாகவே சுற்றும், காலால்தான் அதை நேராகக் கொண்டுபோக முடியும். அதற்குக் குதிகால் தரையில் பதிய வேண்டுமே! சாதாரண வண்டிகளின் சீட் பெரும்பாலும் 19, 20 அங்குல உயரம். மெத்தை போட்டால் இன்னும் ஏறும். குள்ளமானவர் என்றால் கால் அந்தரத்தில் தொங்கும். மெத்தையையும் சேர்த்து உயரம் பாருங்கள். இடது கால்மிதியும் கைத்தாங்கியும் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், கட்டிலுக்கு மாற்றுவது சுலபம். வலது பக்க பிரேக்கும் இடது கைக்கு எட்ட வேண்டும். நீளமான பிடி போட்டுத்தரச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறவர் என்றால் இந்த அளவுகளை அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.

மெத்தையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வெறும் ரெக்சின் சீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்தால் புட்டத்தில் புண் வரும். வந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

அளவு எடுத்துச் செய்துதரும் வண்டியும் உண்டு. சென்னை ஐஐடியில் உருவான நியோஃபிளை அப்படிப்பட்டது. கைச்செலவு தாங்காது என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். அங்கே கொடுக்கும் வண்டியிலும் அப்பாவை உட்காரவைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

கடையில் வாங்கினால் பில்லில் மாடலோடு சீட் அகலம், உயரத்தையும் எழுதச் சொல்லுங்கள். சொன்ன அளவு வரவில்லை என்று நாளைக்குச் சண்டை வந்தால் அதுதான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.